சாமியார் குடியேறாத சாமியார் வீடு

"சாமியார் தங்கிய அறை எது?" என்று அருங்காட்சியகக் காவலாளியிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். இந்த வீட்டில் எந்தச் சாமியாரும் ஒரு ராத்திரிகூடப் படுத்ததில்லையாம்.

நான் கேட்டதில் தப்பில்லை. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில், புனித லூயி பேராலயத்துக்கு வலப்பக்கம் நிற்கிறது அந்தக் கட்டடம். பெயர் 'பிரெஸ்பிடேர்', பிரெஞ்சு மொழியில் சாமியார் வீடு, அதாவது கத்தோலிக்கப் பாதிரியாரின் வீடு என்றே பொருள். என் தாத்தா உபதேசியார். சாமியார் பங்களாத் திண்ணையில் விளையாடி வளர்ந்தவள் நான். எந்த ஊர்க் கோயிலுக்குப் போனாலும், பீடத்தைப் பார்த்த கையோடு சாமியார் பங்களா எங்கே என்று கண் தேடும்.

இந்த இடத்தில் முதலில் கப்புச்சின் சபைத் துறவிகளின் வீடு இருந்தது. 1788 மார்ச் 21, பெரிய வெள்ளி. கருவூல அதிகாரி ஒருவரின் வீட்டு மெழுகுவர்த்தியிலிருந்து பிடித்த தீ 850-க்கும் மேற்பட்ட கட்டடங்களைத் தின்றது. கோயிலும் போனது, துறவிகள் வீடும் போனது. பெரிய வெள்ளியன்று மணி அடிக்கக் கூடாது என்று சாமிமார் மறுத்ததால்தான் ஊரை எச்சரிக்க முடியாமல் போயிற்று என்று சொல்வார்கள். கட்டுக்கதையாகவும் இருக்கலாம். ஆனால் அந்த நாளில் மணிக்குப் பதிலாக மரக்கட்டையைத் தட்டும் சத்தம் கேட்டு வளர்ந்த எனக்கு, நடந்திருக்காது என்று அடித்துச் சொல்ல வரவில்லை.

அப்போது அங்கே ஸ்பெயினின் ஆட்சி. ஆந்த்ரேஸ் அல்மோனெஸ்டர் என்ற பணக்காரர் கோயிலையும் சாமியார் வீட்டையும் தன் செலவில் கட்டித்தர முன்வந்தார். கட்டடக் கலைஞர் கில்பெர்தோ கிலெமார்ட் 1791-இல் வரைபடம் போட்டார். கோயிலுக்கு மறுபக்கம் உள்ள 'கபில்தோ' என்ற நகர மன்றமும் அவர் கைவேலைதான். இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்: சாந்து பூசிய செங்கல் சுவர்கள், கீழே வளைவுகள் வரிசையாக நிற்கும் நீண்ட தாழ்வாரம், மேலே மாடி. அந்த ஊர் வெயிலுக்கும் மழைக்கும் தாழ்வாரம் இல்லாமல் ஆகாது.

1798-இல் அல்மோனெஸ்டர் இறந்தபோது கீழ்த்தளம் மட்டுமே எழும்பியிருந்தது. வேலை நின்றது. ஸ்பெயின் போய், பிரான்சு வந்து, 1803-இல் ஊரே அமெரிக்காவின் கைக்கு மாறியது. கோயில் நிர்வாகிகள் 1813-இல்தான் மாடியை முடித்தார்கள். முடித்தும் என்ன? வாடகைக்கு விட்டார்கள், கடை வைத்தார்கள். 1834 முதல் நீதிமன்றம் நடந்தது. 1847-இல் செங்குத்தாகச் சரியும் பிரெஞ்சு பாணிக் கூரையை உச்சியில் ஏற்றினார்கள். ஸ்பானியத் தலையில் பிரெஞ்சுத் தொப்பி; எனக்கென்னவோ பொருந்துவதாகத்தான் படுகிறது.

1911 முதல் அருங்காட்சியகம். தவக்காலத்துக்கு முன் ஊரே ஆடித் தீர்க்கும் 'மார்டி கிரா' விழாவின் முகமூடிகளும் ஜிகினா உடைகளும் மாடியில் இருக்கின்றன. கட்டியவர்கள் பார்த்தால் என்ன சொல்வார்களோ! கீழே, ஊரை மூழ்கடித்த கத்ரீனா புயலின் கதை. பாடகர் ஃபேட்ஸ் டோமினோவின், வெள்ளத்தில் மூழ்கிய பியானோவையும் இங்கே பார்வைக்கு வைத்தார்கள். புயல் இந்த வீட்டுக்குப் புதிதில்லை. உச்சியிலிருந்த சிறு கூண்டுக் கோபுரத்தை 1915-ஆம் ஆண்டுப் புயல் சாய்த்தது. 2005-இல்தான் மறுபடி வைத்தார்கள்.

அந்தப் பக்கம் போனால், சீட்டு வாங்கி உள்ளே நுழையுமுன் தாழ்வாரத்தில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை.