உங்களுக்குத் தெரியுமா? உறைமோருக்குள் நடப்பவை

குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டால், ராத்திரி உறை ஊற்றிய பால் விடிந்த பிறகும் இறுகாமல் தளதளவென்று நிற்கும். பாலைக் குறை சொல்ல வேண்டாம். உறைமோரில் பல இன பாக்டீரியாக்கள் உண்டு. லாக்டோகாக்கஸுக்கு 30 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூடு போதும். யோகர்ட் ஆலைகள் வளர்க்கும் இனங்களுக்கோ 42 டிகிரி வேண்டும். குளிர் இறங்கினால் எல்லாமே மந்தமாகும். எந்த இனத்தின் கை ஓங்குகிறது என்பதும் மாறும். ஆனி, ஆடியில் பாலைச் சற்றுக் கூடுதல் வெதுவெதுப்பில் எடுத்து, உறைமோரைத் தாராளமாக விட்டு, பாத்திரத்தைத் துணி சுற்றி வைப்பது இதனால்தான்.

★

யோகர்ட் ஆலைகள் வளர்க்கும் லாக்டோபேசில்லஸ் பல்காரிக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ் இரண்டும் பாலில் தனித்தனியே வளர்வதைவிடச் சேர்ந்தால் வேகமாக வளரும். பால்புரதத்தைச் சிறு துண்டுகளாக வெட்டுவதில் பல்காரிக்கஸ் கெட்டி. அந்தத் துண்டுகள் தெர்மோஃபிலஸுக்கு உணவு. பதிலுக்குத் தெர்மோஃபிலஸ் வெளிவிடும் ஃபார்மிக் அமிலமும் கரியமில வாயுவும் பல்காரிக்கஸை வளர்க்கின்றன. ஒன்றின் கழிவு இன்னொன்றின் சாப்பாடு. எனக்கு இதைவிட வியப்பான ஏற்பாடு சமையலறையில் வேறில்லை. புளிப்பு ஏற ஏற தெர்மோஃபிலஸ் முதலில் ஓய்ந்துவிடும், பல்காரிக்கஸ் நிறுத்தாது. வெளியே கிடந்த தயிர் மேலும் மேலும் கடுத்துப்போவது இப்படி அமிலம் தாங்கும் இனங்களால்தான்.

★

அந்த பல்காரிக்கஸ்தான் இந்தியாவின் தேசிய நுண்ணுயிர்! 2012 அக்டோபரில் ஹைதராபாத் பல்லுயிர் மாநாட்டின்போது, அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெயந்தி நடராஜன் அறிவித்தார். தேர்ந்தெடுத்தவர்கள், ரயிலில் வந்த அறிவியல் கண்காட்சியைப் பார்க்கப் போன பிள்ளைகள்.

★

சீஸின் மேல்தோலில் கூட்டம் இன்னும் பெரியது. முதலில் ஈஸ்ட்டுகள் குடியேறி லாக்டிக் அமிலத்தைத் தின்று புளிப்பைக் குறைக்கும். அதன் பிறகே, புளிப்பு ஆகாத பிரெவிபாக்டீரியம் தலைகாட்டும்; லிம்பர்கர் சீஸின் ஆரஞ்சு நிறத்திலும் வியர்த்த கால் நாற்றத்திலும் அதற்குப் பெரிய பங்குண்டு. 10 நாடுகளின் 137 சீஸ்களை ஆராய்ந்து ஹார்வர்டு குழுவினர் 2014-ல் ஒன்று கண்டார்கள்: மேல்தோலில் யார் வாழ்வது என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது அது எந்த நாட்டில் செய்யப்பட்டது என்பதல்ல, தோலின் ஈரம். தூர தூர தேசத்துச் சீஸ்களிலும் ஈரம் ஒத்திருந்தால் குடியிருப்போரும் ஏறக்குறைய ஒத்திருந்தார்கள்.

★

இட்லி மாவிலும் வரிசை உண்டு. மாவைப் பொங்க வைப்பது முக்கியமாக லியூகோனாஸ்டாக் எனும் பாக்டீரியா. புளிப்பு கூடியபின் பீடியோகாக்கஸ் பெருகும். இதை அமெரிக்க ஆய்வகம் ஒன்று 1965-லேயே எழுதி வைத்தது.

★

பாக்டீரியாவுக்கும் வைரஸ் தொல்லை உண்டு. வைரஸ் புகுந்தால் சீஸ் ஆலையில் ஒரு தொட்டிப் பாலும் புளிக்காமல் கெடும். தப்பிப் பிழைத்த தெர்மோஃபிலஸ், தாக்கிய வைரஸின் துணுக்கைத் தன் மரபணுவில் பதித்துக்கொண்டு அடுத்த முறை அதை அடையாளம் காண்கிறது என்று 2007-ல் டானிஸ்கோ நிறுவன ஆய்வாளர்கள் நிரூபித்தார்கள். கிரிஸ்பர் எனும் அந்தத் தற்காப்பு முறையிலிருந்து பிறந்த மரபணுத் திருத்தக் கருவிக்கு 2020-ல் வேதியியல் நோபல் கிடைத்தது.

வீட்டு உறைமோருக்கு இன்னொரு பாதுகாப்பும் இருக்கிறது. ஒரே ரகத்தை மட்டும் வளர்க்கும் ஆலையில் அந்த ரகத்தைப் பிடிக்கும் வைரஸ் வந்தால் வேலையே நின்றுபோகும். பல ரகங்கள் கலந்த உறையில் ஒன்று விழுந்தாலும் மற்றவை பாலைப் புளிக்க வைத்துவிடும். அப்படியும் உறை கெட்டுப்போனால், பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி வாங்கிக்கொள்ளலாம்.