கர்ப்பப்பையை எடுத்தா தீட்டு மட்டும்தான் நிற்குமா?

போன மாசம் ஒரு குழுக் கூட்டத்துல சேமிப்பு எழுதி முடிச்ச பிறகு, தீப்பெட்டி ஆபீஸுக்குப் போற ஒரு அக்கா கேட்டாங்க: "புள்ள பெத்தாச்சு. ஓயாம வெள்ளைப்படுது. அந்தப் பையை எடுத்துட்டா கேன்சர் பயமும் இல்லைல்ல?" பக்கத்துல நாலு பேர் தலையாட்டினாங்க.

கர்ப்பப்பை வேறு, சினைப்பை வேறு. கர்ப்பப்பைக்கு ரெண்டு பக்கமும் இருக்கிற சினைப்பைகள்தான் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. எலும்புக்கும் இதயத்துக்கும் அதுதான் காவல். நம் நாட்டில் பெரும்பாலும் 46, 47 வயது வாக்கில் அது தானாகக் குறைந்து மாதவிலக்கு நிற்கிறது.

கர்ப்பப்பையை மட்டும் எடுத்தால் தீட்டு நிற்கும், ஹார்மோன் உடனே நிற்காது. ஆனாலும் சினைப்பை ஓரிரு வருஷம் முன்னாடியே ஓய்ந்துபோக வாய்ப்புண்டு. தீட்டு இல்லாததால அது நமக்குத் தெரியவும் தெரியாது. ரெண்டு சினைப்பையையும் சேர்த்து எடுத்துட்டா, 35 வயசானாலும் அன்னைக்கே 'நின்னுபோன' உடம்புதான். திடீர்னு தகிக்கும், ராத்திரி வேர்த்துக் கொட்டும், எலும்பு சீக்கிரம் பலமிழக்கும். அந்த உடம்போட கரிசக்காட்டுல குனிஞ்சு பருத்தி எடுக்கணுமே! (குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் பற்றிப் பயம் வேண்டாம். அதில் கட்டுவது குழாயை மட்டும்தான்.)

மகாராஷ்டிரா பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் 82,309 பேரை 2019-ல் அரசு விசாரித்தபோது, 13,861 பேர் கர்ப்பப்பையை எடுத்திருந்தது தெரிந்தது. ஒருநாள் வராவிட்டால் மேஸ்திரி அபராதம் போடுவார், கேன்சர் வரும் என்ற பயம் வேறு. தேவையில்லாத இந்த ஆபரேஷன்களைத் தடுக்கும் மத்திய அரசின் வழிகாட்டுதல்களை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்தில் பின்பற்ற வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

ஆபரேஷனே கூடாதுன்னு நான் சொல்லல. அம்மா, அக்கா, தங்கச்சிக்கு மார்பகத்திலோ சினைப்பையிலோ புற்றுநோய் வந்த குடும்பத்தில், மரபணு சோதனை செய்து முன்கூட்டியே எடுப்பது உயிரைக் காக்கும். அதற்குப் பிறகு ஹார்மோன் மாத்திரை தேவையா என்று டாக்டரே சொல்வார். வெள்ளைப்படுதல் அப்படி இல்ல, பெரும்பாலும் மாத்திரையிலேயே சரியாகும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் சோதனையும் 30 வயது தாண்டியவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம். அந்த அக்காவோட நானும் போறேன்.

கையெழுத்துப் போடும் முன்னாடி, "சினைப்பையையும் எடுப்பீங்களா, எதுக்கு?"ன்னு வாய்விட்டுக் கேளுங்க. ஏற்கெனவே ஆபரேஷன் செய்தவங்க டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துட்டு வாங்க. கூட்டத்துல வேண்டாம், தனியா காட்டுங்க. எதை எடுத்திருக்காங்கன்னு வாசிச்சுச் சொல்றேன்.