மஹரும் கைக்கூலியும்: மார்க்கம் எது, வழக்காறு எது?

முஸ்லிம் பெண்களின் நிலை குறித்துப் பேசுவோருள் இரு சாரார் உளர். சமுதாயத்தில் காணும் குறைகளையெல்லாம் இஸ்லாத்தின் மீது சுமத்துவோர் ஒரு சாரார். சமுதாயத்தில் நடப்பதையெல்லாம் இஸ்லாம் என்றே கருதிக் காத்து நிற்போர் மறு சாரார். மார்க்கத்தையும் வழக்காற்றையும் பிரித்தறியாமையே இவ்விருவரின் பிழைக்கும் காரணமாகும்.

ஃபிக்ஹு கலையில் வழக்காறு ‘உர்ஃபு’ எனப்படும். ஷரீஅத் அதனை முற்றாக ஒதுக்கவில்லை. மஹர் பேசப்படாமலே நிக்காஹ் நடந்து இல்லறமும் தொடங்கிவிடின், அப்பெண்ணின் குடும்பத்து மகளிர் பெற்ற அளவை ஒட்டிய ‘மஹர் மிஸ்ல்’ அவளுக்குரியதாகிறது. இங்கு வழக்காறே அளவுகோல். ஆயினும் திருக்குர்ஆன், ஹதீஸ் ஆகியவற்றின் தெளிவான விதிக்கு முரணான வழக்காறு ‘ஃபாஸித்’ எனத் தள்ளப்படும்.

இந்த அளவுகோலைக் கொண்டு கைக்கூலியை நோக்குவோம். மஹரைப் பெண்களுக்கு மனமுவந்து அளிக்குமாறு திருக்குர்ஆன் (4:4) பணிக்கிறது. பொற்குவியலையே கொடுத்திருப்பினும் அதிலிருந்து எதையும் திரும்பப் பெறலாகாது என்கிறது (4:20). வறிய தோழர் ஒருவரை, இரும்பு மோதிரமாயினும் தேடி வருமாறு நபி (ஸல்) அவர்கள் அனுப்பிய செய்தி புகாரியில் உள்ளது. செல்வராயினும் வறியவராயினும் கொடுக்கும் கை ஆணுடையது. பெறும் கை பெண்ணுடையது. கைக்கூலி இத்திசையையே மாற்றிவிட்டது. நிக்காஹ் தஃப்தரில் மஹராக ஒரு சிறு தொகை ஏறுகிறது. அதனினும் பன்மடங்கு தொகை தஃப்தரில் ஏறாமலே மணமகன் வீட்டுக்குச் செல்கிறது. ‘குமர் காரியம்’ என்று பள்ளிவாசல் வாயிலில் உதவி கேட்டு நிற்கும் தந்தையரை உருவாக்கியது இவ்வழக்காறே.

‘அது அன்பளிப்புத்தானே’ என்பர் சிலர். பெற்றோர் மகளுக்கு மனமுவந்து அளிப்பது ஆகுமானதே. ஆயின் கேட்டுப் பெறுவது அன்பளிப்பாகாது. மகளின் உடைமையாகாதது மகளுக்கு அளித்ததும் ஆகாது. இலங்கையின் 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம், மணமகளின் பயனுக்காக மணமகனிடம் கொடுக்கப்படும் பணம் அல்லது அசையும் பொருள் என்றே கைக்கூலியை வரையறுப்பது ஈண்டுக் கருதத்தக்கது.

இதனினும் பெரிய இழப்பு வாரிசுரிமையில் நேர்கிறது. ‘சீர் செய்து கட்டிக் கொடுத்தாயிற்று’ என்று கூறி, தந்தையின் சொத்தில் மகளின் பங்கை மறுக்கின்றனர். அப்பங்கோ அல்லாஹ் விதித்த ஃபர்ளு (4:7, 4:11). தந்தையின் மறைவுக்குப் பின்னரே பிறக்கும் அவ்வுரிமையை, அவர் வாழ்நாளில் கொடுத்த நகையைக் காட்டி மறுக்க இயலாது. வழக்காறு எதுவாயினும் ஷரீஅத்தே செல்லும் என்று கூறவே 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் இயற்றப்பட்டது. அதில் விடுபட்டிருந்த விவசாய நிலமும் 1949ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சென்னை மாகாணத்தில் சேர்க்கப்பட்டது. எனவே சகோதரியின் பங்கைத் தடுப்பவருக்கு மார்க்கமும் துணையில்லை, சட்டமும் துணையில்லை.

பெண்ணுக்கு இஸ்லாம் அளித்த உரிமைகளை மேடைகளில் எடுத்துரைப்பது எளிது. மஹரை முழுமையாகக் கொடுப்பதும், பெண் வீட்டார் தரும் பொருள் எவருடைய உடைமை என்பதைத் தஃப்தரில் எழுதுவதும், தந்தை மறைந்ததும் தாமதமின்றிப் பாகப்பிரிவினை செய்வதும் ஜமாஅத்துகளும் ஆலிம்களும் இன்றே தொடங்கத்தக்க பணிகளாகும். பெண்ணின் உரிமையை வழக்காற்றின் பெயரால் பறித்துக்கொண்டு, அதே உரிமையை மார்க்கத்தின் பெருமையாகப் பேசுதல் நமக்குத் தகாது.