பாழ்நகரும் கோட்டையும் கடற்கரையும்

பிறநாடு காணச் செல்வோர்க்கென வகுக்கப்படும் யாத்திரைத் திட்டங்களில் மூவகைக் காட்சிகள் தனித்தனியே வைத்து எண்ணப்படுதல் வழக்கம். பழம்பெருங் கோயில்களின் இடிபாடு ஒன்று. ஐரோப்பியர் அமைத்த பழைய நகரம் மற்றொன்று. தென்னையும் வெண்மணலும் பொருந்திய கடற்கரை இன்னுமொன்று. காண்போரும் இவற்றை வேறுவேறு கதைகளெனக் கொண்டு மீளுவர். ஆயின், இம்மூன்றும் ஒரே கதையின் மூன்று பகுதிகளாதல் பலவிடத்தும் காணப்படுகின்றது. கடல்வழி வந்தோர் கோயிலை இடித்தனர். இடித்த கல்லைக் கொண்டே தம் நகரையும் அரணையும் எழுப்பினர். ஆகவே, கல் எங்கிருந்து எங்குச் சென்றது என்று வினவுவோர்க்கே இவ்விடங்கள் தம் பொருளை உணர்த்தும்.

மெக்சிக்கோ நாட்டின் யுக்கற்றான் குடாநாடு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். மாயர் என்னும் தொல்குடியினரின் சிச்சென் இற்சா, ஊஷ்மால், கடலோரத்துத் தூலூம் முதலிய பாழ்நகரங்களைக் காண்போர், மெரிடா நகரிற் பெரும்பாலும் தங்கிச் செல்வர். 1542ஆம் ஆண்டில் இசுப்பானியர் அந்நகரை நிறுவியது வெற்று நிலத்திலன்று. தீஹோ என்னும் மாயர் நகரின் மேலேயாகும். மாயர் கட்டடங்களிலிருந்து பெயர்த்த கற்கள் புதிய நகரின் சுவர்களாயின. இசமால் என்னும் ஊரிலோ, 1561இல் நிறைவெய்திய கத்தோலிக்க மடம் மாயர் கோயிலின் மேடைமீதே நிற்கின்றது. 1562இல் மானி என்னுமிடத்தில் மாயரின் சுவடிகளை எரிப்பித்த தியேகோ தெ லாந்தா என்ற துறவியார், பின்னர் அம்மக்களின் வழக்கங்களைக் குறித்து நூலொன்றும் எழுதினார். மாயர் எழுத்தைப் பிற்கால அறிஞர் வாசிப்பதற்கு அந்நூலும் துணையாயிற்று. அழித்தவரே சாட்சியும் வைத்துச் சென்றமை வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

இத்தகைய சான்றினைத் தேடி நம்மவர் மெக்சிக்கோ வரை செல்லவேண்டுவதில்லை. கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ வாழ்வோர் கொழும்புத் தேசிய நூதனசாலைக்குச் செல்லினே போதும். 1877இல் திறக்கப்பெற்ற அம்மனையில் மும்மொழிக் கல்வெட்டு ஒன்று உளது. சீனப் பேரரசர் யுங்லோவின் ஆணையால் 1409ஆம் ஆண்டிற் பொறிக்கப்பெற்று, கடற்படைத் தலைவர் செங் ஹோவினால் இலங்கைக்குக் கொணரப்பெற்றது அது. அதன் சீனமொழிப் பகுதி புத்தரைப் போற்றுகின்றது. பாரசீகப் பகுதி இசுலாத்தைச் சார்ந்தது. தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனாரைப் புகழ்கின்றது. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் எனக் காணிக்கைகள் மூன்றிடத்தும் ஒத்த முறையிற் கூறப்பட்டுள்ளன. ஒரு மதத்தை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்தாத இக்கல், 1911ஆம் ஆண்டில் காலி நகரில் நீர்க்கால்வாய் ஒன்றின் மூடுகல்லாகக் கிடந்தமை கண்டுபிடிக்கப்பட்டது.

அக்கல் கிடந்த ஊருக்கு வெள்ளவத்தையினூடு செல்லும் கரையோரப் புகையிரதப் பாதையே வழிகாட்டும். கொழும்பிலிருந்து ஏறத்தாழ 72 மைல் தொலைவிலுள்ளது காலி. போர்த்துக்கேயர் தொடங்கிய அரணை 1640இற் கைப்பற்றிய ஒல்லாந்தர், கொத்தளங்களோடும் மதிலோடும் அதனைப் பெருநகராக விரித்தனர். பழைய வாயிலில் ஒல்லாந்த வணிகக் குழுவின் முத்திரை 1669 என்னும் ஆண்டோடு விளங்குகின்றது. 1796இல் ஆங்கிலேயர் வசமான இக்கோட்டை, 1988இல் உலக மரபுரிமைத் தலமாக ஏற்கப்பட்டது. அதன் ஒழுங்கான தெருக்களும் ஓட்டுக்கூரை இல்லங்களும் கண்ணைக் கவர்வன. எனினும், தமிழ்ப் பகுதியிற் புகழப்பெற்ற நாயனார் எங்கே என்ற வினாவுடன் பயணத்தைத் தொடர்தல் வேண்டும்.

விடை, மாத்தறைக்கு அப்பாலுள்ள தெவிநுவரையிற் கிடைக்கும். இலங்கையின் தென்கோடியான அவ்வூரே தெனாவரை. சிங்களப் பௌத்தர் உபுல்வன் எனப் போற்றிய தெய்வமே சாசனம் கூறும் நாயனார் என்பது அறிஞர் கருத்து. ஈழத்துப் பழைய ஈச்சரங்களுள் ஒன்றாகிய தொண்டேச்சரம் இருந்த இடமும் அதுவே என்பது சைவ மரபு. 1344இல் வந்த மொறோக்கோ நாட்டு யாத்திரிகர் இபுனு பத்தூத்தா, ஆளுயரப் பொற்படிமத்தையும், அதன் கண்களாகப் பதித்த மாணிக்கங்களையும், ஆயிரம் அளவிலான அந்தணரையும் யோகியரையும் குறித்துள்ளார். செம்புத் தகடு வேய்ந்து பொன்முலாம் பூசிய கூரைகளால் அக்கோயில் கடலிலிருந்து நோக்குவார்க்கு ஒரு நகரம் போலத் தோன்றிற்று எனப் போர்த்துக்கேய வரலாற்றாசிரியர் டியோகோ டோ கூட்டோ எழுதினார்.

1588ஆம் ஆண்டில் சீதாவாக்கை மன்னன் முதலாம் இராசசிங்கன் கொழும்பை முற்றுகையிட்டிருந்தான். அவன் கவனத்தைத் திருப்பக் கருதிய போர்த்துக்கேயர், தோமே தெ சூசா என்னும் தளபதியின் தலைமையில் தென்கரை ஊர்களைத் தாக்கித் தெவிநுவரைக் கோயிலையும் அழித்தனர். கருங்கற்றூண்கள் சிலவும், 7ஆம் நூற்றாண்டினதெனக் கருதப்படும் கல்கே என்னும் சிறு கற்றளியும் எஞ்சின. அன்று வீழ்ந்தது ஓரினத்தின் உடைமை மட்டுமன்று. பௌத்தரும் இந்துக்களும் ஒருங்கே வணங்கிய ஒரு நிலையம் என்பது ஈண்டு நோக்கற்பாலது.

தென்கரையிற் கண்ட செய்தியைக் கீழ்க்கரை இன்னும் தெளிவாகக் காட்டும். திருகோணமலையில், ஞானசம்பந்தர் பாடிய கோணேசர் திருக்கோயிலை 1622இல் போர்த்துக்கேயத் தளபதி கொன்சுதந்தீனு தெ சா இடித்தான். அக்கற்களே அங்கு எழுந்த கோட்டைக்குப் பயன்பட்டன. ஆங்கிலேயரால் பின்னர் பிரெடெரிக்குக் கோட்டை எனப் பெயரிடப்பட்ட அதன் வாயிலில், கயற்சின்னமும் தமிழெழுத்தும் பொறித்த கற்களை இன்றும் காணலாம். எஞ்சியவை மண்ணுக்கும் கடலுக்கும் சென்றன. 1950இல் நகரில் நிலத்தை அகழ்ந்தபோது செப்புத் திருவுருவங்கள் வெளிப்பட்டன. 1956இல் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் சுவாமிமலை அடியிற் கடலுள் மூழ்கிச் சிற்பக் கற்களையும் தூண்களையும் கண்டனர். மலைமீது புதிதாக எழுந்த கோயிலுக்கு 1963இற் கும்பாபிடேகம் நிகழ்ந்தது.

இவ்வளவிற் கதை முடிந்ததெனக் கொண்டு, அழித்தோர் யாவரும் பிறரே என்று எண்ணுதல் நடுவுநிலை ஆகாது. பொலன்னறுவையில் இரண்டாம் சிவாலயம் என வழங்கும் கற்றளி, சோழர் கட்டிய வானவன் மாதேவி ஈச்சரம் ஆகும். அதன் அழகைப் போற்றுவோர், 1017ஆம் ஆண்டளவில் இராசேந்திர சோழனின் படை ஐந்தாம் மகிந்தனைச் சிறைப்பிடித்ததனையும், விகாரைகளைச் சூறையாடியதாக மகாவமிசம் கூறுவதனையும் உடன் எண்ணுதல் கடன். அதேபோது, திருகோணமலைக்கு அணித்தாகிய வெல்கம் விகாரை, சோழர் காலத்தில் இராசராசப் பெரும்பள்ளி எனப் பெயர்பெற்றுத் தமிழர் அளித்த கொடைகளைத் தன் தமிழ்ச் சாசனங்களில் தாங்கி நிற்கின்றது. பொலன்னறுவையில் உள்ள பிறிதொரு தமிழ்ச் சாசனம், வேளைக்காரப் படையினர் புத்தரின் தந்ததாதுக் கோயிலைக் காக்கும் பொறுப்பை ஏற்றமையைக் கூறும். படையெடுத்தவரும் தமிழர், பௌத்தப் பள்ளியைப் பேணியவரும் தமிழர். இவ்விரண்டையும் ஒருங்கே ஏற்கும் உளம் வாய்த்தவர்க்கே வரலாறு கல்வியாகும். அஃது இல்லார்க்கு அது வழக்காடற்குரிய ஆவணமாய்ச் சுருங்கிவிடும்.

ஆகவே, மாணாக்கரை இவ்விடங்களுக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர் மூன்று வினாக்களை அவர்பால் எழுப்புதல் நன்று. இக்கல் முதலில் எங்கு நின்றது? அதனைப் பெயர்த்தவர் யாவர், எக்காரணத்தால்? பெயர்ந்த பின்னர் அது யாருக்குப் பயன்பட்டது? கோட்டையின் வனப்பை வியப்பதும் குற்றமன்று. இடிபாட்டின் முன் இரங்குவதும் குற்றமன்று. ஒன்றை மறந்து மற்றொன்றைக் காண்பதே குறை. இம்முறையிற் பயில்வோர்க்கு நூதனசாலையிலுள்ள மும்மொழிக் கல்லே முதற்பாடமாதல் தகும். மூன்று சமயங்களுக்கும் ஒப்பக் காணிக்கை கூறிய அக்கல், நீர்க்கால்வாயை மூடிக் கிடந்த நாளிலும் தன் எழுத்தை இழந்திலது.