கடகடவென ஆடும் அந்தத் தகடு எதற்கு?

மாணவர்களே, பழைய கார் ஒன்று கிளம்பும்போது அடியிலிருந்து தகரம் அதிர்வதுபோல் சத்தம் வருவதைக் கேட்டிருப்பீர்கள். பல வேளைகளில் அது துருப்பிடித்துத் தளர்ந்த வெப்பத் தடுப்புத் தகடு. "கழற்றிப் போட்டுவிடுங்கள், சத்தம் நின்றுவிடும்" என்று சிலர் சொல்வார்கள். சத்தம் நிற்கும்தான். ஆனால் வேறு என்ன நடக்கும்?

பெட்ரோல் எரிந்து வெளிப்படும் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புகையோடு வெளியேறிவிடுகிறது. கேமரன் மலைச் சாலையில் கார் திணறி ஏறும்போது இயந்திரத்தைவிட்டு வெளிவரும் புகை 800 பாகை செல்சியசைக்கூடத் தொடலாம். அந்தப் புகைக்குழாய்க்கு ஒரு சாண் தள்ளி ரப்பர் குழாய்களும் பிளாஸ்டிக் உறையிட்ட மின்கம்பிகளும் இருக்கின்றன. சாதாரண ரப்பர் 150 பாகையையே நெடுநேரம் தாங்காது.

குழாயைத் தொடாத கம்பி எப்படிச் சூடாகிறது? முக்கியக் காரணம் வெப்பக் கதிர்வீச்சு. இதில் ஒரு விபரீதம் உண்டு. கதிர்வீச்சு, கெல்வின் வெப்பநிலையின் நான்காம் அடுக்கிற்கு ஏற்ப உயர்கிறது. குழாயின் வெப்பநிலை 300 பாகையிலிருந்து 600 பாகைக்கு ஏறினால், கெல்வினில் அது 573-லிருந்து 873. அதாவது ஒன்றரை மடங்குதான். கதிர்வீச்சோ ஐந்து மடங்குக்கு மேல்! கணிப்பானில் நீங்களே போட்டுப் பாருங்கள்.

இப்போது ஒரு கேள்வி. அலுமினியம் நல்ல வெப்பக் கடத்தி. அதைக்கொண்டா வெப்பத்தைத் தடுப்பது? ஆம். பளபளப்பான அலுமினியம் தன்மேல் விழும் வெப்பக் கதிரில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். கடத்தலைத் தடுப்பது தகடு அல்ல, தகட்டுக்கும் குழாய்க்கும் நடுவே உள்ள காற்று. அதனால்தான் இரண்டு மூன்று ஆணிகளில் மட்டும் அதை மாட்டுகிறார்கள். குழாயோடு ஒட்டிவிட்டால் பயன் போய்விடும். மெக்லாரன் எஃப்1 காரில் இயந்திர அறைக்குள் தங்கத் தாளையே ஒட்டினார்கள். அகச்சிவப்புக் கதிரைத் தங்கம் இன்னும் நன்றாகத் திருப்பும். நமக்கு அலுமினியம் போதும்!

எண்ணெயும் தூசியும் படிந்து கறுத்த தகடு வீணா? இல்லை. அது வெப்பத்தை உள்வாங்கினாலும், இரு பக்கமும் வெளிவிடுவதால் ஒரு பகுதி குழாய்ப் பக்கமே திரும்பிவிடும்.

காரை நிறுத்திய பிறகும் ஆபத்து இருக்கிறது. ஓடும்போது வீசிய காற்று நின்றுவிடுவதால், பானெட்டுக்குள் சிறிது நேரம் சூடு ஏறவே செய்யும். அடியில் வினையூக்கி மாற்றியும் தகிக்கும். தகடு இல்லாத காரைக் காய்ந்த லாலாங் புல்மீது நிறுத்தினால் புல் தீப்பற்றலாம்.

சத்தத்துக்கு மருந்து எளிது. பெரும்பாலும் ஆணி இருக்கும், தகட்டின் துளைதான் துருவேறி அகன்றிருக்கும். பட்டறையில் அகலமான வாஷர் ஒன்றை வைத்து முடுக்கச் சொல்லுங்கள். குழாய் ஆறிய பிறகு!