பாட்டிலில் வந்த கடிதமும் பங்குனி ஆமைகளும்

குழந்தைகளைக் கடற்கரைக்கு அழைத்துப் போகிறோம். சுண்டல் வாங்கித் தருகிறோம், அலையில் கால் நனைக்க விடுகிறோம், எட்டு மணிக்குள் வீடு திரும்பிவிடுகிறோம். நாம் திரும்பிய பிறகு, ஊர் அடங்கிய நேரத்தில், அதே மணலில் ஒரு தாய் கரையேறி வந்து தனக்குத் தானே பிரசவம் பார்த்துக்கொண்டு போகிறாள் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அவள் பெயர் பங்குனி ஆமை. பங்குனியை ஒட்டிய மாதங்களில் முட்டையிட வருவதால் நம் மீனவர்கள் வைத்த பெயர். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை சென்னைக் கரையில் இவள் வருகை உண்டு. அலை எட்டாத இடமாகப் பார்த்துப் பின்துடுப்புகளால் மண்ணைத் தோண்டுவாள். முழங்கை ஆழத்துக்கு ஒரு குழி, வாய் குறுகி வயிறு பெருத்து, அச்சாக நம் வீட்டுக் குடம் போல! அதில் நூறு, நூற்றிருபது முட்டைகள். பிறகு மண்ணை மூடி, உடம்பாலேயே தட்டித் தட்டிச் சமன் செய்துவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடுவாள். எல்லாம் ஒரு மணி நேரத்துக்குள். பெற்ற பிள்ளைகளின் முகத்தை அவள் பார்ப்பதே இல்லை.

இதெல்லாம் நமக்கு எப்படித் தெரிய வந்தது? ஆமை கடலுக்குள் வாழ்கிற ஜீவன். கரைக்கு வருவது அந்த ஒரு மணி நேரம்தான், அதுவும் இருட்டில். ஆகவே அதைப் பற்றித் தெரிந்துகொள்ள ஒரே வழி, யாராவது தூக்கத்தை விட்டுவிட்டு ராத்திரி முழுக்கக் கடற்கரையில் நடப்பதுதான். அப்படி நடந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

சதீஷ் பாஸ்கர் என்று பெயர். சென்னை ஐ.ஐ.டி.யில் பொறியியல் படிக்க வந்தவரைக் கடல் இழுத்துக்கொண்டது. ராமுலஸ் விட்டேகர் தொடங்கிய சென்னைப் பாம்புப் பண்ணையில் களப்பணியாளராகச் சேர்ந்தார். 1970-களில் அந்தப் பண்ணையைச் சேர்ந்தவர்கள்தாம் சென்னைக் கரையில் இரவு நடையைத் தொடங்கினார்கள். அதன் பிறகு சதீஷ் பாஸ்கர் இந்தியாவின் கரையோரமாக நடந்த தூரம் மொத்தம் 4,000 கிலோமீட்டருக்கும் மேல். எந்தக் கரையில் எந்த ஆமை, எத்தனை ஆமை என்று எழுதி வைத்துக்கொண்டே போனார்.

1982-ல் அவர் செய்ததுதான் பெரிய காரியம். லட்சத்தீவுக் கூட்டத்தில் சுஹேலி வலியகரை என்று ஓர் ஆளில்லாத் தீவு. பேராமைகள் அங்கே முட்டையிட வருவது தென்மேற்குப் பருவமழைக் காலத்தில். அந்த மாதங்களில் கடல் கொந்தளிக்கும், படகு எதுவும் போகாது. அப்படியானால் ஆமைகளை எண்ணுவது எப்படி? மழைக்கு முன்பே போய் இறங்கி, மழை ஓய்கிற வரை அங்கேயே கிடந்தால்தான் உண்டு. மனிதர் போய் இறங்கிவிட்டார், தன்னந்தனியாக! பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை. நடுவில் செத்துப்போன திமிங்கிலச் சுறா ஒன்று கரை ஒதுங்கி அழுக ஆரம்பித்துவிட, அந்த நாற்றத்தையும் சகித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

சென்னையில் அவர் மனைவியும் கைக்குழந்தையும்.

"நல்ல மனுஷன் போங்க! பச்சைப் பிள்ளைக்காரியை விட்டுவிட்டு ஆமை எண்ணப் போயாச்சாக்கும்!" என்று நீங்கள் முணுமுணுப்பது எனக்குக் கேட்கிறது. எனக்கும் முதலில் அதேதான் தோன்றியது. ஆராய்ச்சிக் கட்டுரைகளில் ஆமைகளின் எண்ணிக்கை இருக்கும், எண்ணியவரின் பெயர் இருக்கும். அந்த மாதங்களில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் தானே தூக்கிக்கொண்டு ஓட வேண்டியவளைப் பற்றி அதில் ஒரு வரியும் இருக்காது. களப்பணி என்ற பெரிய வார்த்தைக்குள் அதுவும் அடக்கம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

தபால் இல்லாத தீவிலிருந்து மனைவிக்கு எப்படிச் சேதி சொல்வது? ஜூலை 3-ஆம் தேதி ஒரு கடிதம் எழுதி, பாட்டிலில் போட்டு அடைத்துக் கடலில் எறிந்தார். கதைகளில் வருகிற மாதிரி! இருபத்து நாலு நாள் கழித்து, சுமார் 800 கிலோமீட்டர் தள்ளி, இலங்கையில் ஒரு மீனவர் கையில் அது கிடைத்தது. அந்தப் புண்ணியவான் யாருக்கோ வந்ததுதானே என்று விட்டுவிடவில்லை. தானும் ஒரு கடிதம் எழுதி, தன் குடும்பத்தின் புகைப்படத்தையும் உடன் வைத்து, சென்னை விலாசத்துக்குத் தபாலில் அனுப்பிவைத்தார். சதீஷ் பாஸ்கர் 2023-ல் காலமானார். இந்தியாவின் கடலாமைகளைப் பற்றி இன்று ஆராய்கிறவர்கள் எல்லாரும் தொடங்குவது அவர் எழுதிவைத்த கணக்கிலிருந்துதான்.

தடம் சொல்லும் சேதி

ஆமையை நேரில் பார்க்காமலே எண்ண முடியுமா? முடியும், தடத்தை வைத்து. ராத்திரி வந்து போன ஆமையின் தடம் விடிகாலையில் டிராக்டர் போன மாதிரி மணலில் பதிந்திருக்கும். பங்குனி ஆமை, தவழ்கிற குழந்தையைப் போல ஒரு கை, மறு கை என்று மாற்றி மாற்றி வைத்து வரும். பேராமை கனத்த சரீரக்காரி. இரண்டு கைகளையும் ஒன்றாக ஊன்றி உந்தி உந்தி வருவாள், தடமும் ஒரு மீட்டர் அகலம் இருக்கும். ஆகவே தடத்தைப் பார்த்தே இன்னார் என்று சொல்லிவிடலாம். எண்ணி முடித்ததும் அதன் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிடுவார்கள், மறுநாள் இன்னொரு தரம் எண்ணிவிடாமல் இருக்க. பால்காரர் கணக்குக்கு நாம் காலண்டரில் கோடு போடுவோமே, அது போலத்தான்.

சென்னையில் இந்த வேலையை 1988 முதல் மாணவர்களே நடத்துகிறார்கள். மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு என்று பெயர். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை, ஏறத்தாழ 7 கிலோமீட்டர், முட்டையிடும் பருவம் முழுக்க இரவு தோறும் நடை. தடம் தென்பட்டால் அதன் வழியே போய், தட்டிச் சமன் செய்த இடத்தைக் கண்டுபிடித்து, ஒரு குச்சியால் மெல்லக் குத்திப் பார்ப்பார்கள். சுற்றிலும் மண் கெட்டியாக இருக்கும். முட்டைக் குழிக்கு மேலே மட்டும் குச்சி புசுக்கென்று இறங்கும். பிறகு கையால்தான் தோண்ட வேண்டும். முட்டை பிங்பாங் பந்து அளவு, அதே வெள்ளை. ஆனால் ஓடு கோழிமுட்டை போல மொறுமொறுப்பாக இராது. தோல் மாதிரி, அழுத்தினால் குழியும்.

முட்டைகளை ஒவ்வொன்றாக, உருட்டாமல் குலுக்காமல் எடுத்து, கரையிலேயே வேலி போட்டிருக்கும் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோய், தாய் தோண்டிய அதே ஆழத்தில், அதே குட வடிவத்தில் குழி தோண்டிப் புதைப்பார்கள். எல்லாம் சில மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். நாள் கடந்து அசைத்தால் உள்ளே வளரும் கரு செத்துப்போகும். இருந்த இடத்திலேயே விட்டால் என்ன என்று கேட்கலாம். நாய் விடாது, நம் காலடிகளும் விடாது.

ஆணா, பெண்ணா?

இப்போது ஒரு வேடிக்கை. முட்டைக்குள் இருப்பது ஆணா பெண்ணா என்பதைத் தாயும் தீர்மானிப்பதில்லை, தந்தையும் தீர்மானிப்பதில்லை. மணலின் சூடு தீர்மானிக்கிறது! சுமார் 29 டிகிரி செல்சியஸை ஒட்டி இருந்தால் இரண்டும் கலந்து பிறக்கும். அதைவிடக் குளிர்ச்சியானால் ஆண், சூடானால் பெண். பெண் பிறந்ததற்கு மருமகளைக் குறை சொல்லும் மாமியார்கள் ஆமைக் குலத்தில் மணலைத்தான் திட்ட வேண்டும்!

வேடிக்கைக்குப் பின்னால் ஒரு கவலையும் இருக்கிறது. பூமி சூடாகிக்கொண்டே போனால் பெண்களாகவே பிறந்து ஆண் துணைக்குத் திண்டாட்டம் வரும். 34, 35 டிகிரியைத் தாண்டினாலோ முட்டைக்குள்ளேயே வெந்துவிடும். அதனால்தான் குழிக்குள் வெப்பமானி வைத்துப் பார்க்கிறார்கள். பருவத்தின் பிற்பகுதியில் வெயில் ஏறும்போது பொரிப்பகத்துக்குப் பந்தலோ நிழல்வலையோ போடுகிறார்கள்.

நாற்பத்தைந்து முதல் அறுபது நாளில் குஞ்சுகள் பொரிந்து, சூடு தணிந்த நேரத்தில் மண்ணை முட்டிக்கொண்டு வெளியே வரும். வெளிச்சம் அதிகமான பக்கம் நோக்கி ஓடுவது அவற்றின் பிறவிக் குணம். ஒரு காலத்தில் வெளிச்சமான பக்கம் என்றால் நட்சத்திர ஒளியில் மினுங்கும் கடல். இப்போது தெருவிளக்கும் ஓட்டல் விளக்கும் அல்லவா? பாவம், சாலைப் பக்கம் ஓடுகின்றன. பிழைத்துக் கடலுக்குள் போகிறவற்றிலும் வளர்ந்து ஆளாவது ஆயிரத்தில் ஒன்று என்று பொதுவாகச் சொல்வார்கள். பருவத்துக்கு வரவே பத்துப் பதினைந்து வருஷம் ஆகும்.

தாய் ஆமையின் துடுப்பில் எண் பொறித்த சின்ன உலோகத் தகடு மாட்டி விடுவதும் கள ஆய்வில் ஒரு முறை. 2021-ல் ஒடிசாவின் கஹிர்மாதாவில் 03233 என்ற எண் மாட்டப்பட்ட ஓர் ஆமை, 2025 ஜனவரியில் மகாராஷ்டிரத்தின் குஹாகரில் முட்டையிட வந்து நின்றது! நாட்டையே சுற்றிக்கொண்டு சுமார் 3,500 கிலோமீட்டர். ஆமை எப்போதும் ஒரே கரைக்குத்தான் திரும்பும் என்று பள்ளிப் பாடம் போலச் சொல்லி வந்தவர்களைத் திகைக்க வைத்துவிட்டது, ஒரு சின்னத் தகடு.

அதே 2025 ஜனவரியில் இங்கே நடந்ததை எழுதவே கஷ்டமாக இருக்கிறது. சென்னையிலும் அடுத்துள்ள கரைகளிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. ஆமை நம்மைப் போல நுரையீரலால் மூச்சு விடுகிற பிராணி. இழுவைப் படகின் வலையில் சிக்கினால் மேலே வந்து மூச்சு வாங்க முடியாமல் மூழ்கிச் சாகிறது. முட்டையிடும் காலத்தில் அவை கூடி நிற்பது கரையை ஒட்டித்தான். கரையிலிருந்து 5 கடல் மைல் வரை இழுவைப் படகுகள் வலை இழுக்கக் கூடாது என்று தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. சிக்கிய ஆமை தப்பிப் போக வலையிலேயே வழி வைத்துத் தைக்கும் சாதனமும் இருக்கிறது. இரண்டும் காகிதத்தோடு நின்றுவிட்டால் கரையில் நடக்கிறவர்கள் என்ன செய்ய முடியும்? பருவம் முழுக்கக் காப்பாற்றி அனுப்பும் ஆயிரமாயிரம் குஞ்சுகளில் எத்தனை தாயாகப் போகின்றன? முட்டையிட வந்த ஆயிரம் தாய்கள் ஒரே மாதத்தில் போவது எவ்வளவு பெரிய நஷ்டம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இதற்காக மீனவர் எல்லாரையும் திட்டித் தீர்ப்பது நியாயமில்லை. கட்டுமரத்திலும் சிறு படகிலும் போகிறவர்களுக்கும் இழுவைப் படகு கரையருகே வருவது பிடிக்காது. அவர்கள் மீனையும் சேர்த்துத்தான் அது வாரிக்கொண்டு போகிறது.

குழந்தைகளோடு பார்க்கப் போவதானால்...

பருவத்தில் வார இறுதி இரவுகளில் பொதுமக்களும் மாணவர்களோடு நடக்கலாம். விடிய விடிய மணலில் நடை என்பதால் பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளைக் கூட்டிப் போவதே நல்லது. கர்ப்பிணிகளும் முழங்கால் வலிக்காரர்களும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். கருநிற உடை, ஒரு பாட்டில் தண்ணீர், கொஞ்சம் பிஸ்கெட் போதும். டார்ச்சும் கைபேசி வெளிச்சமும் கூடாது. ஆமை கரையேறும்போது வெளிச்சம் கண்டால் முட்டையிடாமலே திரும்பிவிடும்.

சின்னக் குழந்தை வைத்திருப்பவர்களுக்குச் சுலபமான வழி, மார்ச், ஏப்ரலில் பெசன்ட் நகர்ப் பொரிப்பகத்துப் பக்கம் போவதுதான். குஞ்சு பொரிந்த நாட்களில் மாலை மயங்கும் நேரத்தில் கடலில் விடுவார்கள். கூட்டம் நெருக்கும், குழந்தையைத் தோளில் தூக்கிக்கொள்ளுங்கள். கயிறு கட்டியிருந்தால் அதற்கு அந்தப் பக்கம் கால் வைக்க வேண்டாம். குஞ்சு உங்கள் உள்ளங்கையில் பாதிகூட இராது, மணலில் சட்டென்று கண்ணுக்குத் தெரியாது.