அறுவை யந்திரத்தின் ரம்பப் பட்டை: தேர்வும் பராமரிப்பும்

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரையைக் கடந்தபோது, தஞ்சை, புதுக்கோட்டை, நாகை, திருவாரூர் மாவட்டங்களில் இலட்சக்கணக்கான தென்னைகள் ஒரே இரவில் சாய்ந்தன. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளில், விழுந்த மரங்களை அப்புறப்படுத்துவதே விவசாயிகளுக்குப் பெரும் பாரமாயிற்று. தோப்பிலேயே கிடந்து மக்கும் தென்னந்தண்டு, காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும் இடமாகிவிடும். அவ்வண்டு எஞ்சி நிற்கும் மரங்களின் குருத்தைத் துளைக்கும். ஆகவே, சாய்ந்த மரத்தைக் காலந்தாழ்த்தாமல் பலகையாகவும் கைமரமாகவும் அறுத்துக் கொள்வது இருவகையில் இலாபம்.

இவ்வேலைக்கு ஏற்றது, தோப்புக்கே இழுத்துச் செல்லக்கூடிய சிறிய பட்டை ரம்ப யந்திரமாகும். இரண்டு சக்கரங்களின்மீது முடிவற்ற நாடாவைப்போல் ஓடும் பல் வைத்த எஃகுப் பட்டையே இதன் ரம்பம். யந்திரம் ஒரு முறை வாங்குவது. பட்டையோ அடிக்கடி மாற்ற வேண்டியது, அன்றாடம் கவனிக்க வேண்டியது. சங்கத்தின் பொது யந்திரம் இலாபத்தில் ஓடுவதும் மூலையில் முடங்குவதும் இந்தப் பட்டையைப் பொறுத்தே அமையும்.

மரம் மிச்சமாகும் கணக்கு

வட்ட ரம்பம் ஒவ்வோர் அறுப்பிலும் சுமார் 6 மில்லிமீட்டர் மரத்தைத் தூளாக்குகிறது. மெல்லிய பட்டை ரம்பம் தூளாக்குவது ஏறத்தாழ 2.3 மில்லிமீட்டரே. ஒரு கட்டையைப் பன்னிரண்டு பலகைகளாக்கப் பதினோர் அறுப்புகள் வேண்டும். முன்னதில் 66 மில்லிமீட்டரும் பின்னதில் 25 மில்லிமீட்டரும் தூளாகப் போகும். மிச்சம் சுமார் 41 மில்லிமீட்டர். அதாவது, அங்குலப் பலகையில் ஒன்றரைப் பலகைக்கு மேல். ஆனால் இந்த இலாபம் பட்டை நேராக அறுக்கும்வரைதான். மழுங்கிய பட்டை அலையலையாக அறுத்தால், பலகையை இழைத்துச் சமமாக்குவதில் மிச்சம் முழுவதும் கரைந்துவிடும். நமது நெசவாளர் அங்கத்தினர் தறிச் சட்டத்துக்குக் கோணலான மரத்தை ஏற்க மாட்டார் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

தென்னையின் தனி இயல்பு

உட்புறம் வைரம் பாய்ந்ததை மரம் என்றும், வெளிப்புறம் வைரம் பாய்ந்ததைப் புல் என்றும் தொல்காப்பியர் வகுத்தார். அப்பாகுபாடு அறுவைப் பட்டறைக்கும் பொருந்துவது வியப்பே. தேக்கில் நடுப்பகுதி உறுதி. தென்னையிலோ பட்டையை ஒட்டிய புறப்பகுதியே உறுதி. புறப்பகுதி கன மீட்டருக்கு 600 கிலோவுக்கு மேல் எடையுள்ளது. நடுச்சோறு 400 கிலோவுக்கும் குறைவு. எனவே கட்டையைத் திருப்பித் திருப்பி வைத்து, நாற்புறமும் உள்ள கெட்டிப் பலகைகளை எடுத்துக் கொண்டு, நடுவை விட்டுவிடுவதே முறை.

புறப்பகுதி கெட்டியாக இருப்பதோடு, அதில் மணற்சத்தாகிய சிலிக்காவும் உண்டு. ஆதலால் தென்னை, சாதாரண எஃகுப் பல்லை வெகு விரைவில் மழுங்கச் செய்கிறது. மா, வேம்பு, மலைவேம்பு முதலியவற்றுக்குப் போதுமான பட்டையைத் தென்னைக்கும் போட்டுவிட்டு, யந்திரத்தைக் குறை கூறுவது பொருந்தாது.

எந்தப் பட்டை?

முதலில் தடிப்பு. தடித்த பட்டை எளிதில் வளையாது நேராக அறுக்கும் என்பது உண்மை. ஆனால் சிறிய சக்கரத்தைச் சுற்றும்போது அது அதிக வருத்தத்துக்கு உள்ளாகி விரைவில் விரிசல் விடும். 19 அங்குலச் சக்கரமுள்ள சிறு யந்திரத்துக்கு 1.07 முதல் 1.14 மில்லிமீட்டர் தடிப்பும், 32 மில்லிமீட்டர் அகலமும், பல்லுக்குப் பல் 22 மில்லிமீட்டர் இடைவெளியும் பொதுவாகத் தகும். பெரிய சக்கரமும் வலிய என்ஜினும் இருந்தால் மட்டுமே 1.27 அல்லது 1.4 மில்லிமீட்டரை நாடலாம்.

அடுத்தது பல்லின் முன்சாய்வு. மென்மையான மரத்துக்கும் நடுத்தர மரத்துக்கும் 10 பாகை ஏற்றது. காய்ந்த வேம்பு, புளி போன்ற கடின மரத்துக்கு 4 முதல் 7 பாகை போதும். சாய்வு அதிகமானால் பல் மரத்தைக் கடித்து இழுக்கும். கடின மரத்தில் அது பட்டையை அலையச் செய்யும்.

மூன்றாவது பல்லின் முனை. தென்னையைத் தொடர்ந்து அறுக்க எண்ணும் சங்கம், ஸ்டெல்லைட் என்னும் கடின உலோகக் கலவையோ கார்பைடோ முனையில் பதித்த பட்டையை வாங்குவது நலம். விலை அதிகமே, ஆயினும் ஒரு தீட்டலுக்கும் அடுத்த தீட்டலுக்கும் இடையே அது அறுத்துத் தரும் மரம் பன்மடங்கு. கார்பைடு முனையைத் தீட்ட வைரத்தூள் பதித்த சாணைச் சக்கரம் வேண்டும் என்பதை வாங்குமுன் கணக்கிற் சேர்க்க வேண்டும்.

பட்டை அறுவதன் காரணம்

நான்கு மீட்டர் நீளப் பட்டை நிமிஷத்துக்கு 1,500 மீட்டர் வேகத்தில் ஓடினால், நிமிஷத்துக்கு 375 சுற்றுகள். ஒவ்வொரு சுற்றிலும் இரு சக்கரங்களிலும் இருமுறை வளைகிறது. மணிக்கு 45,000 முறை வளைந்து நிமிரும் எஃகு களைத்துப்போவது இயற்கை. பல்லின் அடிக்குழியில் கண்ணுக்குத் தெரியாத மயிர்க்கீறல் தோன்றி, நாளடைவில் வளர்ந்து, பட்டை திடீரென அறுகிறது. மழுங்கிய பல்லோடு மரத்துள் வலிந்து தள்ளினால் இவ்வழிவு இன்னும் விரைவாகும்.

இதற்குப் பரிகாரம், முழுதும் மழுங்கும்வரை காத்திராமல் முன்னதாகவே கழற்றித் தீட்டுவது. சாதாரணப் பட்டையானால் ஒன்றரை முதல் இரண்டு மணி நேர வேலைக்குப்பின் மாற்றிவிட வேண்டும். தென்னையில் அதற்கும் முன்பே. தீட்டும்போது பல்லின் முகத்தை மட்டும் தொடாமல், அடிக்குழி முழுவதையும் சாணைக்கல் மெல்லச் சுற்றி வர வேண்டும். அப்போதுதான் மயிர்க்கீறல்கள் நீங்கும். ஒரே முறையில் அதிகமாகத் தேய்த்தால் முனை சூடேறி நீலநிறமாகும். அப்படிக் கருகிய பல் நிலைக்காது.

பல்லை இடமும் வலமும் சாய்த்து வைப்பதும் முக்கியம். இச்சாய்வு பக்கத்துக்கு அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் இருக்கலாம். முதலில் சாய்வைச் சரிசெய்து, பிறகே தீட்ட வேண்டும். ஒரு பக்கம் கூடுதலாகச் சாய்ந்தால் பட்டை அப்பக்கமே ஏறும், அல்லது இறங்கும். முனை பதித்த பட்டைகளில் முனையே உடலைவிட அகலமாதலால் இவ்வேலை பொதுவாக இல்லை.

தோப்பில் கவனிக்க வேண்டியவை

தரையில் இழுத்து வந்த கட்டையில் மணல் ஒட்டியிருக்கும். அதைக் கழுவி அல்லது சீவிய பின்னரே யந்திரத்தில் ஏற்றுக. எலி ஏறாமலிருக்கத் தகரம் அடித்த மரத்தில் ஆணி தங்கியிருக்கலாம். ஓர் ஆணி ஒரு பட்டையின் பற்களையெல்லாம் கெடுத்துவிடும்.

பட்டையின்மீது சிறிதளவு சோப்புக் கரைத்த நீரைச் சொட்டுச் சொட்டாக விடுக. டீசல் வேண்டாம், அது சக்கரத்தின் ரப்பரைக் கெடுக்கும். வேலை முடிந்ததும் நீரை நிறுத்திச் சிறிது நேரம் ஓட்டி உலர்த்துக. பிறகு இறுக்கத்தைத் தளர்த்துக. சூட்டில் நீண்ட பட்டை ஆறும்போது சுருங்கும்; இறுக்கத்திலேயே விட்டால் வீணாக வருந்தும்.

பட்டையைக் கழற்றும் முன் என்ஜினை நிறுத்துவது, கையுறையும் கண்ணாடியும் அணிவது ஆகியவற்றில் தளர்வு கூடாது. சுருட்டிய பட்டை கட்டவிழும்போது பாம்பைப்போல் துள்ளும். பிறரை அப்பால் நிற்கச் சொல்லி அவிழ்க்க வேண்டும்.

சங்கம் செய்ய வேண்டியது

பொதுச் சொத்தை எல்லோரும் பயன்படுத்துவர், தீட்டுவோர் ஒருவருமிலர். இக்குறை நேராதிருக்கச் சில ஏற்பாடுகள் போதும். ஒவ்வொரு பட்டைக்கும் ஓர் எண் இடுக. எந்த நாளில், யாருடைய தோப்பில், எந்த மரத்தை, எத்தனை மணி நேரம் அறுத்தது, எத்தனை முறை தீட்டப்பட்டது என்பவற்றை ஒரு பதிவேட்டில் எழுதுக. தீட்டும் பொறுப்பைப் பயிற்சி பெற்ற ஒருவரிடமே ஒப்படைத்து, அவருக்குரிய கூலியை அறுவைக் கட்டணத்திலேயே சேர்த்துவிடுக. யந்திரத்தோடு குறைந்தது ஆறு பட்டைகளாவது தோப்புக்குச் செல்லட்டும். மாற்றுப் பட்டை கையில் இல்லாதபோதுதான் மழுங்கிய பட்டையை ஓட்டும் ஆசை பிறக்கிறது. யந்திரம் வாங்கத் தீர்மானிக்கு முன்பே, அனுமதி விதிகளை வனத்துறை அலுவலகத்தில் கேட்டுத் தெளிவது நிர்வாகக் குழுவின் கடமையாகும்.

புயல் எந்த ஆண்டு வரும் என்று எவரும் சொல்ல இயலாது. வரும் நாளில், கூர்மையான பட்டைகள் எண்ணெய் தடவி ஆணியில் தொங்கிக் கொண்டிருந்தால், சாய்ந்த தென்னை விறகு விலைக்குப் போகாமல் வீட்டுக் கூரைக்குக் கைமரமாக ஏறும்.